இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த இடம்

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனை அணைத்து அலமாரியில் போர்வைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்தால் குரைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் குரைத்தால் போகட்டும் என்று விடலாம். மீசை வைத்த குரல்களும் குரைக்கின்றன. ஒருத்தன் நன்றாகக் குரைத்து முடித்துவிட்டு, "சார், கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று உங்கள் இன்ஸ்பெக்டர் நாய் டிவியில் பேசுகிற அதே குரலில் சொன்னான். நல்ல திறமைசாலி. உங்கள் கம்பெனியில் வேலை கேட்டு வரச் சொல்லலாம்.

வீடு மாறிவிட்டோம். ஊரும் மாறிவிட்டோம். உறையின் பின்பக்கம் விலாசம் எழுதியிருக்கிறேன். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக ஏறி வருகிறது. தையல் மிஷினை ஜன்னல் ஓரமாகப் போட்டோம். அதன்மேல் மூடிய துணியை உன் அத்தான் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாராவது நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனால் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

ஊர் மாறினால் விஷயம் அமுங்கிவிடும் என்றுதான் வந்தோம். உன் 'வால் துறை' தொடர் ஓடாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? தொப்பி போட்ட நாய், வரிசையில் நிற்கிற ஆட்களை ஒவ்வொருவராக மோந்துகொண்டே வரும். யார் முன்னால் உட்காருகிறதோ அவன்தான் திருடன். வீட்டு ஓனர் பேத்தி என்னிடமே கேட்கிறாள், "அது ஒரு தடவைகூடத் தப்பா உட்கார்ந்ததே இல்ல, தெரியுமா ஆன்ட்டி?" என்று. தெரியும் கண்ணு, என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்கு நடந்ததை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஸ்டூடியோவில் கேமரா லென்ஸ் ஒன்று காணாமல் போச்சு. அலமாரிப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி எப்போதும் அவர் உடை தைக்கிற அறையின் ஆணியில்தான் தொங்கும். முதலாளி விளையாட்டுக்கு, "நம்மகிட்ட இன்ஸ்பெக்டர் இருக்கும்போது என்ன கவலை, கூப்பிடுங்க அவரை" என்றாராம். எல்லாரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே நின்றாராம். நீ நாயைக் கூட்டி வந்தாய். அது உன் அத்தான் முன்னால் உட்கார்ந்தது. எவனோ அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். மறுநாள் முதலாளி கூப்பிட்டு, "கேஸு கீஸுன்னு வேண்டாம், நீங்களா நின்னுக்குங்க" என்றார். அவர் அளவெடுக்கும் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

நாங்கள் சாமான் ஏற்றிய அன்றைக்கு நீ வரவில்லை. அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை.

குட்டியைப் புதுப் பள்ளியில் சேர்த்தேன். போன அன்றே, "உங்கப்பாவைத்தானே இன்ஸ்பெக்டர் பிடிச்சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கிற போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அழவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை அழாமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் நீ. உட்கார், எழுந்திரு எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நீ. அதற்குத் திருடனைத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் நான் யார் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாது என்றால் அதை நீ சொல்லு.

அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டேன் என்று ஆகிவிடும். கேட்காமலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

அக்கா

--

ஜூன் 17

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கே போனீர்கள் என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். போனைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நானும் குரைக்கிற கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்திருப்பாய்.

சாமான் ஏற்றும்போது வராதது தப்புதான். அன்றைக்கு ஷூட்டிங். வர முடியவில்லை.

இங்கே மூன்று நாய்களோடும் தலைக்கு மேல் வேலை. ஏட்டுக்குக் காதில் புண். தலையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் பெரிசாக்கிக்கொண்டான். மருந்து போடப் போனால் ஆளைப் பார்த்து ஊளையிடுகிறான், டிவியில் என்னவோ அவன்தான் பயங்கரமான போலீஸ். வக்கீல் வழக்கம்போல் தூங்குகிறான். கோர்ட் காட்சியில் நிஜமாகவே குறட்டை விட்டு, டைரக்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நன்றாக இருக்கிறான். குட்டியைத் தேடுகிறான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கேட் பக்கம் போய் நிற்கிறான். அவள் பள்ளி விட்டு வருகிற நேரம் அது.

அடுத்த மாசம் பெரிய விழா ஒன்று வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அரங்கம் நிறைய உட்கார வைத்து, 'வால் துறை'யை அவர்கள் கண் முன்னால் நடத்தி, டிவியில் நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். அதற்காகக் காலையும் மாலையும் பயிற்சி. முதலாளிக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? நாய் நாய்தானே அக்கா. சில சமயம் களைத்தால் உட்காரும். அன்றைக்குக் காலையிலிருந்து நிற்க வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தது. அதை யாராவது பெரிசாக எடுத்துக்கொள்வார்களா? நாலு நாள் போனால் ஜனங்களுக்கு வேறு வேடிக்கை கிடைக்கும். அத்தானை எனக்குத் தெரியாதா? நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

குட்டிக்கு இன்ஸ்பெக்டர் தொப்பி ஒன்று அனுப்பியிருக்கிறேன். அத்தான் தைத்ததுதான். அலமாரியில் மிச்சம் இருந்தது.

தங்கச்சி

--

ஜூன் 25

தங்கச்சிக்கு,

தொப்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குட்டிக்குக் காட்டவில்லை.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஏட்டின் காதைப் பற்றி ஒரு பக்கம். நான் கேட்டது ஒரு வரி. சின்ன வயசில் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு இப்படித்தான் வேறு கதை பேசுவாய். "அக்கா, பூனை குட்டி போட்டிருக்கு பார்" என்பாய். நான் பூனையைத் தேடிப் போவேன். இப்போது போக மாட்டேன்.

களைப்பில் உட்கார்ந்தது என்கிறாய். வீட்டு ஓனர் மருமகள் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவளே காட்டினாள், பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. களைத்த நாய் வாலை அப்படியா ஆட்டும்? பரிசு கேட்கிற மாதிரி அவர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நாயை விடு. நான் உன்னைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ மட்டும் அவர் கையைப் பார்க்கிறாய். பார்த்துவிட்டு நிமிர்ந்து, வாயைத் திறந்து, மூடிக்கொள்கிறாய். அந்த இடத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த மருமகள், "ஏன்க்கா அங்கேயே நிக்கறீங்க?" என்றாள்.

அவர் கையில் என்ன பார்த்தாய்?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அவர் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். ஒரு திரைச்சீலைக் கடைக்காரர் ஓரம் அடிக்க வேலை தருகிறேன் என்றிருக்கிறார். அவர் போனதும் அவருடைய டிரங்குப் பெட்டியை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று என்னைக் கேட்காதே. வெட்டுத் துணிகளுக்கு அடியில் கறுப்பு வெல்வெட்டில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, ஒன்று இருந்தது. உருண்டையாக, கனமாக. லென்ஸை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அது அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. அந்த முடிச்சை அவிழ்க்க என் விரலுக்கு வரவில்லை. பல்லால் இழுத்தேன்.

இரும்புக் குண்டு. துணி வெட்டும்போது நகராமல் இருக்க மேலே வைப்பாரே, அது.

நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார். பர்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன தேடறே?"

"ஊசி."

"ஊசி மிஷின் டிராயர்ல இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. குனிந்து அந்தக் குண்டை எடுத்து, மறுபடி வெல்வெட்டில் சுற்றி, நூலைக் கட்டி, பெட்டியில் வைத்துவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து சாப்பிட்டார். உப்பு போதுமா என்றேன். போதும் என்றார். நான் போட மறந்திருந்தேன்.

இனிமேல் ஏட்டின் காதைப் பற்றி எழுதினால் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

அக்கா

--

ஜூலை 2

அக்கா,

சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இன்ஸ்பெக்டருக்குத் திருடனைத் தெரியாது. நல்லவனையும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கிராம்பு எண்ணெய். வேக வைத்த ஈரல் துண்டு ஒன்றில் ஆரம்பித்தேன், அவன் கையளவு இருக்கும்போது. கிராம்பு வாசனை வருகிற இடத்தில் உட்கார்ந்தால் ஈரல். வேறு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுமில்லை. தொடரில் திருடனாக வருகிறவர் போடுகிற கோட்டின் ஓர மடிப்பில், காட்சிக்கு முன்னால் நான் ஒரு சொட்டு விடுவேன். நாய் வரிசையை மோந்துகொண்டு போய் அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்காரும். இதுதான் 'வால் துறை'.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். டைரக்டருக்கும் தெரியாது. நான் கண்ணால் நாயோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகையில்கூட அப்படித்தான் வந்தது. அத்தான் ஒரு தடவை, "கோட்டுல என்னம்மா கிராம்பு வாசனை?" என்று கேட்டார். அந்த நடிகருக்குப் பல் வலி அத்தான், என்றேன். பாவம் என்றார்.

எதற்கு மறைத்தாய் என்பாய். நாய்கள் என் பெயரில் இல்லை அக்கா, கம்பெனி பெயரில் இருக்கின்றன. ஒரு சின்ன பாட்டில் எண்ணெயில் நடக்கிற வேலை என்று தெரிந்தால் எனக்கு எதற்குச் சம்பளம்? கேட் காவலாளியே சொட்டு விட்டு நடத்திவிடுவார். என்னை வெளியே அனுப்பிவிட்டு நாய்களை வைத்துக்கொள்வார்கள். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்து அறைதான் என் வீடு. அதுகள் மூன்றும்தான் என் வீட்டு ஆட்கள். உனக்குத் தெரியாததா?

அன்றைக்கு முதலாளி வரிசையில் நில்லுங்கள் என்றதும் நானும் சிரித்தேன். கோட் போடுகிற நடிகர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். யார்மேலும் எண்ணெய் கிடையாது. எவர் முன்னாலும் உட்கார மாட்டான், "இன்ஸ்பெக்டருக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுக் கலையலாம் என்றுதான் கூட்டி வந்தேன். அவன் அத்தான் முன்னால் போய் உட்கார்ந்தான்.

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அந்த நடிகருக்குத் தொந்தி போட்டுவிட்டது என்று மத்தியானம் அந்தக் கோட்டின் ஓரத்தைப் பிரித்து அகலப்படுத்தித் தைத்துக்கொண்டிருந்தார் அவர். எப்போதும் அவர் தைத்து முடித்த பிறகுதான் நான் எண்ணெய் விடுவேன். அன்றைக்கு நான் காலையிலேயே விட்டுவிட்டேன், அதற்கப்புறம் கோட் மறுபடி அவர் கைக்குப் போனது. அந்த மடிப்பில் இருந்ததெல்லாம் அவர் விரலில்.

சொல்ல வாயைத் திறந்தேன். படத்தில் நீ பார்த்திருக்கிறாய். எல்லாரும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இது விளையாட்டுத்தானே, சாயங்காலம் அத்தானிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் சிரிப்பு போய்விட்டது. மறுநாள் அவர் டேப்பைக் கழற்றி வைத்தபோது நான் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் சாமான் ஏறின அன்றைக்கு ஷூட்டிங் இல்லை.

அத்தானிடம் இதைச் சொல். காலில் விழுந்து கேட்டேன் என்று சொல். உங்கள் இரண்டு பேர் மனசும் ஆறட்டும். வெளியில் மட்டும் வேண்டாம் அக்கா. வெளியில் தெரிந்தால் அந்த மூன்றும் யார் கையிலோ போய்விடும்.

தங்கச்சி

--

ஜூலை 8

தங்கச்சிக்கு,

முழுக்கப் படித்தேன். திட்டப் போவதில்லை. திட்டினால் உனக்கு லேசாகப் போய்விடும்.

நீ சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சமையலறையில் வைத்து உன் அத்தான் காதில் நான் ஓதினால் அது எங்கள் வீட்டுச் சமாதானம். அவருக்குக் கெட்ட பெயர் வந்தது சமையலறையில் இல்லை. உனக்கு நாய்கள் பிள்ளைகள் மாதிரி என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். இடைவேளையில் அவளை வரிசையில் நிறுத்தி ஒருத்தி நாய் மாதிரி நாலு காலில் வந்து மோந்து பார்க்கிறாளாம். இவள் முன்னால் உட்காருகிறாளாம். எல்லாரும் கைதட்டுகிறார்களாம். தினமும் இதுதான் விளையாட்டு.

இன்னொன்று. இதை வேறு யாரிடமும் எழுத முடியாது, உன்னிடம்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் கடிதம் வந்தால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். நாய்க்கு ஒன்றும் தெரியாது என்கிறாய். சரி. அதனால் அவர் எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? சாவி அவர் அறையில்தான் தொங்கியது. லென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. நாய் சொன்னதை நம்பியாவது ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. நடு ஆற்றில் விட்ட மாதிரி இருக்கிறது. இப்படி ஒருத்தி தன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறாளே என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள்.

பெரிய விழா என்று எழுதினாயே, பிள்ளைகள் அரங்கம் நிறைய இருப்பார்கள் என்று. நாய் எல்லார் கண் முன்னாலும்தான் உட்கார்ந்தது, நீயும் அந்த விழாவில் அப்படியே சொல். அந்த முதலாளி முன்னால், அந்தப் பிள்ளைகள் முன்னால். முடியாது என்றால் முடியாது என்று எழுதாதே. எழுதாமல் இருந்துவிடு. நான் புரிந்துகொள்கிறேன், அதோடு விட்டுவிடுகிறேன். நமக்கு அம்மா இல்லை என்று உன்னை வளர்த்தவள் நான், அந்தக் கணக்கை எல்லாம் இதில் இழுக்க மாட்டேன். இழுக்கவில்லை என்று சொல்லிவிட்டு இழுத்துவிட்டேன் பார்.

அக்கா

--

ஜூலை 24

அக்கா,

இதற்குள் பார்த்திருப்பாய். விலாசம் மாறியிருக்கிறது, உறையைப் பார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மிருக வைத்தியர் வீட்டு மாடி. கீழே அவர் வைத்தியம் பார்க்கிறார். வருகிற நாய்களை நான் குளிப்பாட்டுகிறேன்.

படத்தில் வராததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் மேடைக்கு வந்ததே இல்லை, உனக்குத் தெரியும். எப்போதும் திரைக்குப் பின்னால்தான். அன்றைக்குத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது டைரக்டர், ஏதோ புதுக் காமெடி சேர்த்திருக்கிறேன் என்று நினைத்து, "நல்லாயிருக்கு, போங்க போங்க" என்று கை காட்டினார். கையில் எண்ணெய் பாட்டில். ஒப்பித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோச்சு. "பிள்ளைங்களா, உங்களை இத்தனை நாளா ஏமாத்திட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்படி ஆரம்பிக்க நினைக்கவே இல்லை.

கோட், சொட்டு, ஈரல் எல்லாம் சொன்னேன். அத்தானைச் சொன்னேன். "அவர் எங்க அக்கா வீட்டுக்காரர். அன்னைக்கு அந்தக் கோட்டைப் பிரிச்சுத் தைச்சார், கையில எண்ணெய் ஒட்டிக்கிச்சு. அதைத் தவிர இன்ஸ்பெக்டருக்கு வேற எதுவும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலை" என்றேன். முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "அப்ப இன்ஸ்பெக்டர் முட்டாளா?" என்று கேட்டான். அழுகிற குரல். "முட்டாள் இல்ல கண்ணு, அவன் சொல்லிக் கொடுத்ததைச் சரியாத்தான் செஞ்சான். தப்பா கேட்டது நாமதான்" என்றேன். அவன் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகம் எனக்கு மறக்காது.

அப்போதுதான் பல் விழுந்த ஒரு பொண்ணு மேடை ஓரத்துக்கு வந்து உள்ளங்கையை நீட்டினாள். "எனக்கும் ஒரு சொட்டு விடுங்க." விட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். அவள் அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி, ராணி மாதிரி, "நான்தான் திருடி" என்றாள். அப்புறம் கேட்கவா வேண்டும். வரிசை வரிசையாக எழுந்து வந்துவிட்டார்கள். "எனக்கு, எனக்கு. நானும் திருடன், நானும் திருடன்." டீச்சர்கள் தடுத்தார்கள், யார் கேட்டார்கள்? அவனும் ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் படுத்தேவிட்டான். டிவியில் பாதியிலேயே விளம்பரம் போட்டுவிட்டார்களாம். பிள்ளைகளோடு வந்த பெரியவர்கள் எடுத்த படம்தான் ஊரெல்லாம் ஓடுகிறது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாய்ங்க கம்பெனியோடது. நீங்க கிளம்பலாம்" என்றார். அத்தானைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் சார் என்றேன். "லென்ஸ் வந்தா சொல்றேன்" என்றார். லென்ஸ் வரவில்லை அக்கா, அதையும் எழுதிவிடுகிறேன். வக்கீலையாவது கொடுங்கள், அவன் தூங்குவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை என்று கேட்டுப் பார்த்தேன். அந்தத் தூக்கத்துக்குத்தான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றார்கள். நாய்களை வேனில் ஏற்றியது ஒரு புது ஆள். சங்கிலியைக் குட்டையாகப் பிடிக்கிறார், கழுத்து வலிக்கும். சொன்னேன். சரிம்மா என்றார். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் நான் அந்த கேட்டிலேயே நின்றேன்.

வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. வருத்தப்படுகிறேன்தான். அதற்காகச் செய்தது தப்பு என்று இல்லை.

நான் வரலாமா என்று அத்தானிடம் கேட்டு எழுது.

தங்கச்சி

--

ஜூலை 30

தங்கச்சிக்கு,

பார்த்தோம். குட்டிதான் முதலில் பார்த்தாள், வீட்டு ஓனர் பேத்தியோடு. படியேறி ஓடி வந்து, "அம்மா, சித்தி டிவியில அழுதுக்கிட்டே பேசுறாங்க" என்றாள். நீ அழுததை எழுதவில்லையே.

பள்ளியில் இப்போது கிராம்புதான் விளையாட்டு. எல்லாப் பிள்ளையும் வீட்டு டப்பாவிலிருந்து திருடிக்கொண்டு போகிறதாம். குட்டியிடம், "உங்க சித்திகிட்ட கேட்டுச் சொல்லு, எத்தனை சொட்டு?" என்று கேட்கிறார்களாம். அவளுக்கு ஒரே பெருமை. என்னிடம்கூட இரண்டு கிராம்பு வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் போட்டோவை இன்னும் திருப்பவில்லை. நானும் சொல்லவில்லை. போனை எடுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் குரைத்தார்கள். முன்னைவிடக் குறைவு.

உன் மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் கேட்டு நீ கொடுத்தது. அதைத் திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றி என்று எழுதினால் உனக்கே சிரிப்பு வரும்.

நீ வர வேண்டும். இப்போது வேண்டாம். அவரிடம் கேட்டேன். "வரட்டும். கொஞ்சம் போகட்டும், அப்புறம் வரட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரியாக இல்லாத துணியைத் தள்ளி வைக்கிற மாதிரி சொன்னார். பொறுத்துக்கொள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீ பேசியதை அவர் பார்த்த அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை. டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மிஷினில் திரைச்சீலை ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். "இனிமே ஊர்ல யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவர் மிஷினை நிறுத்தினார்.

"அன்னைக்கு நாய் சொல்லிச்சு, நம்பினே. இன்னைக்கு நாய்க்குத் தெரியாதுன்னு சொல்றாங்க, அதையும் நம்பறே."

டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"லென்ஸ் இன்னும் கிடைக்கல. சாவி என் ரூம்லதான் இருந்துச்சு. இப்ப யாரைக் கேக்கப் போறே?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"அதான் சொல்றேன். முதலாளி நாயைக் கேட்டார். நீ பெட்டியைக் கேட்டே. உன் தங்கச்சியைக் கேட்டே, கடுதாசி வருதே, எனக்குத் தெரியாதா? என்னை இதுவரைக்கும் யாரும் கேக்கல. வரிசையில நின்னதுல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், யாராவது கேப்பாங்கன்னு."

நான் நின்றுகொண்டே இருந்தேன் தங்கச்சி. கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகும் என்று நான் பயந்துகொண்டிருந்ததை, அவர், இவள் கேட்க மாட்டாளா என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுக்கல" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சத்தியம் செய்யவில்லை, அழவில்லை. டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, அதையும் சொல்லவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது. ஏன் போதுமானதாக இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் வேறு ஊரில் இருக்கிற உனக்குத் தபால் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

அக்கா